கண்ணக்காவின் நாக்கு

கண்ணக்காவுக்கு உதட்டில் கொப்புளம் வருவது புதிதல்ல. பாவாடை கட்டித் திரிந்த வயசிலிருந்தே வருகிறது. உடம்பு அசந்தால், காய்ச்சல் கண்டால், வீட்டில் ஏதாவது மனத்தாங்கல் என்றால், கீழுதட்டின் இடது ஓரத்தில் சுருக்கென்று ஒரு குத்தல் எடுக்கும். எப்போதும் அதே இடம்தான். மறுநாள் அங்கே கொத்தாகச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம். அப்புறம் உடைந்து, பொருக்குத் தட்டி, தானாக உதிர்ந்துபோகும். உடம்புச் சூடு என்று சொல்லிக்கொண்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள். அதற்காக வைத்தியம் பார்த்ததும் இல்லை, வருத்தப்பட்டதும் இல்லை.

கண்ணக்கா என்பது அம்மா அப்பா வைத்த பெயரல்ல. பட்டறைத் தெரு வைத்த பெயர். வெல்டிங் பட்டறை, தகரம் வெட்டுகிற பட்டறை, கல்லறுக்கிற இடம் என்று வரிசையாகப் போய், தெருக் கடைசியில் இவர்களுடைய கடைசல் பட்டறை. கட்டில் கால், நாற்காலிக் கால், மாடிப்படிக் கைப்பிடிக்கான உருளைகள் எல்லாம் அங்கே மெஷினில் சுழலவிட்டு உளி வைத்துக் கடைவார்கள். இப்படிப்பட்ட தெருவில் பறப்பதற்குக் குறைவா? மரத்தூள், இரும்புப் பொடி, கல்பொடி என்று ஏதாவது ஒன்று யார் கண்ணிலாவது விழுந்துகொண்டேயிருக்கும். விழுந்தால் நேரே இவளிடம்தான் ஓடி வருவார்கள். வெளிச்சத்தைப் பார்த்து பெஞ்சில் உட்காரவைப்பாள். இரண்டு விரலால் இமையை விரிப்பாள். நாக்கு நுனியை உள்ளே விட்டு ஒரு சுழற்று சுழற்றுவாள். வந்த தூசியை விரல்நுனியில் துப்பிக் காட்டி, “இதுக்கா இந்த ஆட்டம் ஆடினே?” என்பாள். மீசை வைத்த ஆம்பிளைகள்கூட அவளிடம் பச்சைப் பிள்ளையாக முகத்தைத் தூக்கிக் கொடுப்பார்கள்.

“வீட்டுல குத்துற நாக்கு, வெளியில குத்துனதை எடுக்குது பாரு” என்று அவள் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது கேலி செய்வார். கேலி செய்தாலும் அவருக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

வீட்டுக்காரரிடம் இருந்தது வேறு வித்தை. கடைந்து முடித்த நாலு காலையும் சுவரோரம் நிறுத்தி, எட்டி நின்று, இடது கண்ணை மூடிக்கொண்டு ஒரு பார்வை பார்ப்பார். எந்தக் காலில் எந்த வளைவு ஒரு மயிரிழை தடிப்பு என்று சொல்லிவிடுவார். அளக்க மாட்டார். கவ்வித் தடிமன் அளக்கிற காலிப்பர் ஆணியில் துருப்பிடித்துத் தொங்கும். அவர் போனபிறகு மெஷின் மகன் கைக்கு வந்தது, அந்தப் பார்வை வரவில்லை. நாலு கால் கொடுத்த இடத்தில் மூன்று ஒரு தினுசாகவும் ஒன்று வேறு தினுசாகவும் போய்ச் சேர்ந்து, ஆட்கள் திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

அந்தப் பார்வை மருமகளிடம் வந்து உட்கார்ந்ததுதான் அதிசயம். வாசற்படியைத் தவிர வேறு மரத்தைத் தொட்டறியாத வீட்டுப்பெண் அவள். வந்த புதிதில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தவள், ஒருநாள் தலையைச் சாய்த்து, “அத்தை, அந்த மூணாவது கழுத்துக்கிட்ட கொஞ்சம் ஒல்லியா இருக்கு” என்றாள். மகன் நம்பாமல் காலிப்பர் வைத்துப் பார்த்தான். இருந்தது. அன்றிலிருந்து அவள் பார்க்காமல் ஒரு காலும் வெளியே போகாது. கண்ணக்கா அவள் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. மாமியார் என்று ஒரு மரியாதை இருக்கிறதல்லவா? ஆனால் தெருவில் யாரைப் பார்த்தாலும், “அவருக்கு இருந்த கண்ணு என் மருமகளுக்கு இருக்கு” என்று சொல்லாமல் வரமாட்டாள்.

அந்தக் கண்ணில்தான் தூள் விழுந்தது.

மாணவர் விடுதி ஒன்றுக்குக் கட்டில் கால்கள் கேட்டிருந்தார்கள். விடாத மழை. மரம் நனைந்து, கடையும்போது சீவல் சுருளாக வராமல் பிய்ந்து பிய்ந்து வந்தது. மகன் எரிச்சலோடு மெஷினில் நின்றான். வேலை நெருக்கடியில் கண்ணக்காவுக்கும் தூக்கமில்லை, உதட்டில் வழக்கமான விருந்தாளி வந்து உட்கார்ந்திருந்தது. கொப்புளம் உடைந்து ஈரமாயிருந்த நேரம். வெல்டிங்காரர் மழைக்கு ஒதுங்கி வந்து பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மருமகள் சட்டென்று உப்புத்தாளைப் போட்டுவிட்டு வலது கண்ணைப் பொத்தினாள்.

“கையை எடு, கசக்காதே. இங்க வா” என்று கண்ணக்கா எழுந்தாள்.

“வேண்டாம் அத்தை. தண்ணி அடிச்சா போயிடும்.”

“தண்ணியில போறதுன்னா தெருவே ஏன் என்கிட்ட வருது? வா.”

மருமகள் ஓரடி பின்னால் போனாள். குரலைத் தணித்து, “உங்க உதட்டுல புண்ணு இருக்கு அத்தை” என்றாள்.

அவ்வளவுதான் அவள் சொன்னது. ஆனால் அது வெல்டிங்காரர் காதில் விழுந்துவிட்டது. அவர் டீயைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். முகத்தில் அடித்தாற்போல் இருந்தது கண்ணக்காவுக்கு. ஊரே முகத்தை நீட்டுகிறது, சொந்த மருமகளுக்கு மாத்திரம் அருவருப்பா? “என் எச்சில் உனக்கு ஆகலையாக்கும்” என்று சொல்லிக்கொண்டே போய் அவள் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மருமகள் அப்புறம் எதிர்க்கவில்லை. விரைப்பாக நின்றாள். இமையை விரித்து நாக்கை விட்டு, தூளை விரலில் எடுத்து, மருமகளிடம்கூட அல்ல, வெல்டிங்காரரிடம் காட்டினாள். “கண்ணக்கான்னா சும்மாவா?” என்றார் அவர். கண்ணக்காவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. மருமகள் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

அந்த வாரம் கழிவதற்குள் மருமகளுக்குக் கண் சிவந்தது. முதலில் உறுத்தல் என்றாள். பிறகு வெளிச்சம் பட்டால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்று முந்தானையை மடித்துப் பொத்திக்கொண்டாள். தண்ணீர் நிற்காமல் வழிந்தது. கண்ணக்கா அவளை மருந்துக்கடைக்கு அழைத்துப் போனாள்.

மருந்துக்கடைக்காரர் எதையும் விடாமல்தான் விசாரித்தார். என்ன விழுந்தது, யார் எடுத்தது, கண்ணுக்குள் வேறு எதையாவது விட்டீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கண்ணக்கா “மரத்தூள்” என்றாள். “தண்ணி அடிச்சோம், போயிடுச்சு” என்றாள். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் மருமகள் பொத்திய துணியை எடுக்காமல் நின்றாள். மாமியார் சொன்னதை இல்லை என்று அவள் சொல்லவில்லை. ஆமாம் என்றும் தலையாட்டவில்லை. கடைக்காரர் ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்து, இதில் அடங்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள் என்றார்.

மருந்து போட்டதும் சிவப்பு மட்டுப்பட்டது. கண்ணக்கா அப்பாடா என்று மூச்சு விட்டாள். அன்று மருமகளுக்குப் பிடித்த மாதிரி கஞ்சி வைத்து, தேங்காய்த் துவையல் அரைத்துத் தந்தாள். ஆனால் மருமகள் கையைத் தட்டின் மேல் கொண்டுபோகும்போது தடுமாறியதை அவள் பார்த்தாள். சிவப்புக் குறைந்தும் பார்வை தெளியவில்லை. “கண்ணு முன்னாடி புகை நிக்கிற மாதிரி இருக்கு” என்று அவள் புருஷனிடம் சொன்னது கண்ணக்காவின் காதில் விழுந்தது.

அடுப்பை அணைத்துவிட்டுக் கண்ணாடி முன் போய் நின்றாள். உதட்டோரத்தில் பொருக்கு உதிராமல் இருந்தது. எத்தனையோ வருஷமாகப் பார்த்த புண்தான். அன்றைக்குத்தான் முதன்முதலாக அதை ஒரு பொருளாக உற்றுப் பார்த்தாள். இது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகுமா? உதட்டில் இருக்கிறது கண்ணுக்குப் போகுமா? அதற்குப்பின் சோறு இறங்கவில்லை, உளிச் சத்தம் காதில் ஏறவில்லை. தான் குடித்த டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தாள். அதனால் இப்போது என்ன பிரயோசனம்?

மருந்துக்கடைக்குத் தனியாகப் போனாள். கூட்டம் கலையட்டும் என்று ஓரமாக நின்றாள்.

“தம்பி, தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி கேட்டா. இந்த உதட்டுல கொத்தா வருமே கொப்புளம், அது கண்ணுக்குப் போகுமா?”

“நல்லாப் போகும். புண்ணைத் தொட்டுட்டு அந்தக் கையால கண்ணைத் தொட்டாலே போதும். அது வைரஸ். கண்ணுல போய் உக்காந்துச்சுன்னா பார்வைக்கே மோசம். யாருக்கும்மா?”

“அதான், தெரிஞ்ச பொண்ணு.”

“டாக்டர்ட்ட போகச் சொல்லுங்க. கண்டபடி சொட்டு மருந்து வாங்கி விட்றப் போறாங்க. உங்க மருமகளுக்குக் கொடுத்தேனே, அந்த மாதிரி மருந்தெல்லாம் இதுக்கு ஆகவே ஆகாது. மேல சிவப்பை அடக்கிட்டு உள்ள ஏத்திவிட்டுடும்.”

மருமகளுக்கு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதற்கு, பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் அப்போதே கடையை விட்டிறங்கி வழிகாட்டியிருப்பார். வழியெல்லாம் அதை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள், திரும்பி மட்டும் போகவில்லை.

வீட்டுக்கு வந்தால் அலமாரியில் அந்தப் பாட்டில் நிற்கிறது. மகன் சாயங்காலம் கை கழுவி வந்து பெண்டாட்டி கண்ணில் விடுவான். விடாதே என்றால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பாட்டிலை எடுத்து மடியில் கட்டி, பட்டறை மூலையில் இருந்த மரத்தூள் மூட்டையில் முழங்கை வரை கையை விட்டுப் புதைத்தாள். ஐம்பது வயசைத் தாண்டியவள், சிலேட்டை ஒளித்த பிள்ளை மாதிரி கையைத் தட்டிக்கொண்டு வந்து சோற்றுப்பானையைத் துலக்க உட்கார்ந்தாள்.

மகன் வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினான். “ஒரு பாட்டிலைப் பத்திரமா வைக்கத் தெரியலையா உனக்கு? கண்ணு யாருது, உன்னுதா என்னுதா?” என்று பெண்டாட்டியைக் கடிந்தான். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வேறொன்று வாங்கி வருகிறேன் என்று அவன் சட்டையை மாட்டினான். கண்ணக்கா பானையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, “மருந்துக்கடை போதும், இப்பவே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ, நானும் வர்றேன்” என்றாள். அவள் போட்ட போட்டில் அவன் ஆட்டோ பிடிக்க ஓடினான்.

கண் டாக்டர் ஒரு பெண். மகன் வெளியே உட்கார, மாமியாரும் மருமகளும் உள்ளே போனார்கள். டாக்டர் ஒரு மஞ்சள் தாளைக் கண்ணில் தொட்டு, விளக்கை அணைத்து, நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கருவிழி மேல் கிளை கிளையாகப் புண் ஓடியிருக்கிறது என்றார். ஹெர்பிஸ் என்கிற வைரஸ் இப்படித்தான் கோடு போடும் என்றார்.

“உங்களுக்கு உதட்டுல அடிக்கடி கொப்புளம் வருமாம்மா?”

“எனக்கு வந்ததில்லை” என்றாள் மருமகள்.

“வீட்ல வேற யாருக்காவது?”

மருமகள் மாமியார் இருந்த பக்கம் லேசாகத் திரும்பினாள். இருட்டில் அவள் மூச்சு விடுவது கேட்டது. தெரியலை என்று அவள் சொல்லப்போகிறாள் என்று கண்ணக்காவுக்குப் புரிந்தது. மாமியாரைக் காப்பாற்ற ஒரு பொய். மருந்துக்கடையில் தான் சொன்ன பொய்க்கு இவள் முட்டுக் கொடுக்கப்போகிறாள். அதை நினைத்ததும் அவளுக்கு உடம்பு கூசியது.

“எனக்கு வரும்மா” என்றாள். “நான்தான் நாக்கால தூசி எடுத்தேன். அவ வேண்டாம்னு சொன்னா. புண்ணு இருக்குன்னும் சொன்னா. நான்தான் புடிச்சு வச்சு எடுத்தேன். மருந்துக்கடையில வாங்கிச் சொட்டு மருந்தும் விட்டோம்.”

டாக்டர் விளக்கைப் போட்டு அவள் உதட்டைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் பொறுமையாகச் சொன்னார். இந்தக் கிருமி ஊரில் பாதிப்பேர் உடம்பில் சின்ன வயசிலேயே வந்து ஒண்டிக்கொண்டு கிடக்கும், யாரால் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, உங்களால் வரவில்லை என்றும் சொல்ல முடியாது. போட்ட சொட்டு மருந்து அதை வளர்த்துவிட்டது. களிம்பும் மாத்திரையும் தருகிறேன், ஒருவேளைகூடத் தவறக்கூடாது. புண் ஆறிவிடும். ஆறிய இடத்தில் தழும்பு எவ்வளவு நிற்கும் என்பது போகப்போகத்தான் தெரியும். திரும்பவும் வரலாம், சிவந்தால் உடனே ஓடி வரவேண்டும். “இனிமே யார் கண்ணுலயும் நாக்கை வைக்காதீங்கம்மா” என்று மட்டும் கடைசியில் சொன்னார்.

வெளியே மகன் எழுந்து வந்தான். “என்ன சொன்னாங்க?”

“தூசியில கிருமி போயிருக்காம். களிம்பு கொடுத்திருக்காங்க” என்றாள் மருமகள். கண்ணக்கா தரையைப் பார்த்தாள். உள்ளே டாக்டரிடம் வந்த வாய் வெளியே மகனிடம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தி இருட்டாக்கி மருமகளைப் படுக்கவைத்தார்கள். களிம்பு போடுகிற வேலையைக் கண்ணக்கா எடுத்துக்கொண்டாள். சோப்புப் போட்டுக் கையைத் தேய் தேய் என்று தேய்த்துக் கழுவிவிட்டு, வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். ஒருநாள் அப்படிப் போட்டுக்கொண்டிருக்கும்போது மருமகள் பேசினாள்.

“நீங்க தூள் மூட்டைக்குள்ள கையை விட்டதைப் பார்த்தேன் அத்தை.”

கண்ணக்காவுக்குக் களிம்புக் குழாய் கையிலேயே நின்றது. “அவன் உன்னைத் திட்டும்போதாவது சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுவீங்க. நடுவுல நான் கண்ணைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். எனக்கு அதுக்குத் தெம்பு இல்லை.” கண்ணைத் திறக்காமல், “மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. சொல்லலை, அவ்வளவுதான்” என்றாள்.

திட்டியிருந்தாலும் தேவலை. கண்ணக்கா துணிக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டு, இமையை மறுபடி விரித்து, மீதிக் களிம்பைப் போட்டாள்.

புண் ஆறியது. மழையும் விட்டது. கருவிழி மேல் உற்றுப் பார்த்தால் தெரிகிற ஒரு வெள்ளைப் பூச்சு மட்டும் தங்கியது. நடக்க, சமைக்க, தெருவில் ஆள் அடையாளம் பார்க்க அது போதும். மருமகள் பழையபடி உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கால்களை நிறுத்தி, பழக்கத்தில் இடது கண்ணை மூடுவாள். உடனே திறந்துகொள்வாள். வலது கண்ணை மூடிப் பார்ப்பாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ப்பாள். அப்புறம் ‘சரியா இருக்கு’ என்பாள், குரலில் பழைய உறுதி இருக்காது. கண்ணக்கா இதை ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடுதியிலிருந்து கால்கள் திரும்பி வந்த அன்று நல்ல வெயில். கட்டில் ஆடுகிறதாம், ஒன்றுக்கொன்று ஒப்பவில்லையாம். வண்டிக்காரன் இறக்கிப் போட்டுவிட்டுப் போனான். மகன் ஒரு காலைத் தூக்கி, “கழுத்து எவ்வளவு ஒல்லியா இருக்கு பாரு. இதையா சரின்னு சொன்னே? கண்ணை எங்க வச்சிருந்தே?” என்று கத்தினான். மருமகள் காலைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. கையில் இருந்த உப்புத்தாளை மடித்துக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து வெல்டிங்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வந்தார். உரிமையோடு பெஞ்சில் உட்கார்ந்து, “கண்ணக்கா, பொடி அடிச்சிருச்சு, சீக்கிரம்” என்று முகத்தைத் தூக்கினார்.

கண்ணக்கா அசையவில்லை.

“எந்திரி தம்பி. குழாயடிக்குப் போய் தண்ணியில முழிச்சுப் பாரு. போகலேன்னா டாக்டர்கிட்ட போ. நான் இனிமே எடுக்கிறதில்லை.”

“என்னக்கா விளையாடுறே? உன் நாக்கு மாதிரி வருமா?”

“என் நாக்குதான் இவ கண்ணைக் கெடுத்துச்சு.” சொல்லிவிட்டாள். சொன்ன சூட்டில் மீதியும் வந்தது. “அன்னைக்கு நீயும்தான் உக்காந்து டீ குடிச்சே. உதட்டுல புண்ணு இருக்கு, வேண்டாம் அத்தைன்னா. உன் முன்னால எனக்கு ரோஷம் வந்துடுச்சு. புடிச்சு வச்சு எடுத்தேன்.” மகன் பக்கம் திரும்பினாள். “தூசியில வந்த கிருமி இல்லடா அது, என் வாயில இருந்தது. டாக்டர் அடிச்சுச் சொல்லலை, ஆனா எனக்குத் தெரியும். மருந்துக்கடையில பொய் சொன்னதும் நான்தான். பாட்டிலை ஒளிச்சு வச்சு அவளைத் திட்டு வாங்க வச்சதும் நான்தான்.”

மகன் கை நீட்டி மெஷினை நிறுத்தினான். அது சுற்றி அடங்கியது. வெல்டிங்காரர் எழுந்து குழாயடிக்குப் போனார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

“ஏன்ம்மா என்கிட்ட சொல்லலை?” என்றான் மகன். சத்தம் போடவில்லை. அவன் சத்தம் போடுவான் என்று நினைத்து அவள் அதற்குத் தயாராக நின்றிருந்தாள்.

“என்னைக் கண்ணக்கான்னு கூப்பிடுறாங்கடா” என்றாள். வேறு காரணம் அவளிடம் இல்லை. அதைக் கேட்க அவளுக்கே கேவலமாக இருந்தது.

அவன் அம்மாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். கையிலிருந்த காலைக் கீழே வைத்துவிட்டு வெயிலில் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டான். நெடுநேரம் உள்ளே வரவில்லை.

மருமகள் எழுந்தாள். ஆணியில் தொங்கிய காலிப்பரை எடுத்து, முந்தானையால் துருவைத் துடைத்து, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு அசைத்துப் பார்த்தாள். திரும்பி வந்த கால்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்பெல்லாம் எட்டி நின்று ஒரே பார்வையில் முடிந்த வேலை. இப்போது ஒவ்வொரு கழுத்தாக, ஒவ்வொரு வளைவாக அளந்தால்தான் உண்டு. ஒரு கையில் கால் உருண்டது, மறுகையால் காலிப்பரைப் பொருத்த முடியவில்லை. முகத்தை வெகு கிட்டத்தில் கொண்டுபோனாள்.

கண்ணக்கா தானாகப் போய் எதிரில் குந்தினாள். காலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். மருமகள் அவளைப் போ என்று சொல்லவில்லை. காலிப்பரைக் கழுத்தில் வைத்து, இடது கண்ணால் அளவு காட்டும் முள்ளைப் பார்த்தாள். முள் நிலைக்கவில்லை. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

“சரியாப் பிடிங்க அத்தை” என்றாள். “கை ஆடுது.”